அத்திமரத்தில் முதல் பந்தி யாருக்கு?

இலங்கையின் பொலன்னறுவை இடிபாடுகளை ஒட்டிய காட்டில் அத்தி பழுத்தால், செங்குரங்குக் கூட்டம் மொத்தமும் ஒரே மரத்தை மொய்க்கும். பழம் செறிந்த கிளைகளைத் தலைமை ஆணும் உயர்நிலைத் தாய்களும் பிடித்துக்கொள்வார்கள். கடைநிலையில் உள்ளவற்றுக்கு ஓரக் கிளைகள். அதற்கும் வழியில்லாவிட்டால், தரையில் உதிர்ந்தவை.

இதற்குச் சண்டை தேவைப்படுவதில்லை. பெரியது நெருங்கி வந்தாலே சிறியது எழுந்து இடம் விட்டுவிடும். கடித்துக் குதறும் காட்சிகளைவிட, சத்தமில்லாத இந்த விலகலில்தான் ஏற்றத்தாழ்வின் முழு பலமும் தெரிகிறது என்பேன்.

பசித்த குட்டி கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு நழுவப் பார்க்கும். ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மெல்லலாமே! அதற்குள் மேல்நிலைக் குரங்கு ஒன்று அதன் தலையைப் பிடித்து, வாயைத் திறந்து, விரலை விட்டு உணவைத் தோண்டி எடுத்துத் தின்றுவிடும். குட்டி எதிர்ப்பதில்லை.

1968 முதல் இந்தக் குரங்குகளை ஆராய்ந்துவரும் வுல்ஃப்காங் டிட்டஸ், இதன் விலையை 1977-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். பிறந்தவற்றில் பத்தில் ஒன்றிரண்டே முழு வளர்ச்சியை எட்டின. சம வயது ஆண் குட்டிகளால் தீனியிடங்களிலிருந்து விரட்டப்படும் பெண் குட்டிகள் இளமையிலேயே அதிகம் மடிந்தன. ஆண்களுக்குக் கண்டம் பின்னால் வந்தது, பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறும் பருவத்தில்.

ஆனால் வயது மட்டுமே நிலையைத் தீர்மானிப்பதில்லை. பெண்களிடையே நிலை தாய்வழிச் சொத்து. மகள் தாய்க்கு அடுத்த படியில் அமர்வாள்; சகோதரிகளில் இளையவளே பெரும்பாலும் மூத்தவளை முந்துவாள். அதனால்தான், உயர்ந்த தாய் பக்கத்தில் இருக்கும்போது, கைக்கு அடக்கமான ஒரு சிறுமி முழு வளர்ச்சி பெற்ற தாயொருத்தியையே கிளையிலிருந்து இறக்கிவிடுகிறாள்.

காடெங்கும் பரவிக் கிடக்கும் இளந்தளிரையும் பூச்சியையும் யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. குவிந்து கிடக்கும் உணவைத்தான் வளைத்துப் பிடிக்கலாம். பயணிகள் ஒரே இடத்தில் வீசும் பழமும் ரொட்டியும் அப்படிப்பட்டவையே. இரக்கப்பட்டு எறிந்தது பெரும்பாலும் கொழுத்த வாய்களுக்கே போகிறது. எலும்பு தெரியும் குட்டி தள்ளி நின்று பார்க்கிறது. வேதனையான காட்சி அது.

கூட்டம் பெருத்து உணவு இறுகும்போது, கடைநிலைப் பெண்கள் தம் மகள்களோடும் குட்டிகளோடும் பிரிந்து தனிக்கூட்டம் அமைப்பதையும் டிட்டஸ் பதிவுசெய்திருக்கிறார்.