பாம்பைப் போல வளைந்த வேர்

வேரும் மந்திரமும் – 14

நாட்டு மருந்துக் கடையில் ஆகாச கருடன் கிழங்கு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கயிற்றில் கட்டி வாசல் நிலைக்கு மேலே தொங்கவிடுவது வழக்கம். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே சில நாளில் அதன் உச்சியில் தளிர் விட்டுக் கொடி கயிற்றைப் பற்றி ஏறும். திருஷ்டி அண்டாது, பாம்பு வாசலை மிதிக்காது என்பது நம்பிக்கை. தளிர் வாடிப்போனால், வீட்டுக்கு வர இருந்த கேட்டைக் கிழங்கு தன்மேல் வாங்கிக்கொண்டது என்பார்கள். அது துளிர்ப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வறண்ட நிலத்துக் கொடியான அது, மழையில்லாத மாதங்களுக்கென்று நீரையும் மாவுச்சத்தையும் கிழங்குக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. பாம்பை விரட்டும் என்பதற்கோ சொல்லப்படும் காரணம் வேறு இனம். கருடன் பாம்புக்குப் பகை, ஆகவே கருடன் பெயரைத் தாங்கிய கிழங்கும் பாம்புக்குப் பகை. சென்ற வாரம் காப்புக் கட்டி வேர் பிடுங்கும் முறைகளைப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது, ஒரு செடிக்கு இன்ன நோய்க்கான குணம் உண்டு என்று மனிதர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதையும், அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும்.

உருவத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் பாராசெல்சஸ் இதை வற்புறுத்தினார். இத்தாலியரான ஜியாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1588-இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். கடவுள் ஒவ்வொரு செடியின் மேலும் அதன் பயனை அடையாளமாகப் பொறித்து வைத்திருக்கிறார் என்பது அவர்கள் வாதம். மூளை போல் மடிந்திருக்கும் அக்ரூட் பருப்பு தலைக்கு நல்லது, புள்ளி விழுந்த நுரையீரல் போன்ற இலை இருமலுக்கு நல்லது, பாம்பு போல் நெளிந்த வேர் பாம்புக்கடிக்கு நல்லது. இவற்றுள் கடைசி அடையாளத்தைத்தான் உலகம் அதிகம் நம்பியிருக்கிறது. பாம்பு இருக்கிற நாடுகளில் எல்லாம் ஏதோ ஒரு பாம்பு வேர் இருக்கிறது. நம் நாட்டில் அப்படிப் பெயர் வாங்கியவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சர்ப்பகந்தா, தமிழில் சிவன் அமல்பொடி. மற்றொன்று ஈச்சுரமூலிக் கொடியும் அதன் உறவான ஆடுதீண்டாப்பாளையும். இரண்டும் ஒரே காரணத்துக்காக, ஒரே நோய்க்காக வைத்தியர் பைக்குள் வந்தவை. அவை போய்ச் சேர்ந்த இடங்கள் நேர் எதிரானவை.

சர்ப்பகந்தாவின் வேர் வளைந்து நெளிந்து கிடக்கும். நாகத்தோடு சண்டைக்குப் போகும் கீரி முதலில் அந்த இலையைத் தின்றுவிட்டுப் போகும் என்றொரு கதையும் அதோடு சேர்ந்தது. பாம்புக்கடிக்கு அது பயன்பட்டதாக நிறுவப்படவில்லை. ஆனால் வட இந்தியாவில் அதே வேருக்கு இன்னொரு வேலையும் இருந்தது: சித்தம் கலங்கியவரை அடக்கித் தூங்கவைப்பது. 1931-இல் கவிராஜ் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேரைப் பைத்தியத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கொடுத்துக் கண்ட பலனை எழுதி வெளியிட்டார்கள். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்து அளந்த விவரங்களைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் மேல்நாடு விழித்துக்கொண்டது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். இரத்தக் கொதிப்புக்கு அது உலகமெங்கும் போனது. மனநோய் மருத்துவத்தில் மாத்திரைகளின் காலத்தைத் தொடங்கிவைத்தவற்றுள் அதுவும் ஒன்று.

இந்தக் கதையை மேடைகளில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுவார்கள். முன்னோர்கள் வேரில் பாம்பைக் கண்டார்கள், விஞ்ஞானம் பின்னால் வந்து தலைவணங்கியது என்று முடித்தால் கைதட்டல் கிடைக்கும். நடந்தது அது அல்ல. பாம்பு உருவம் சொன்னது பாம்புக்கடியை. மெய்ப்பட்டது மனநோயும் இரத்தக் கொதிப்பும். அடையாளம் சுட்டிய இடம் வேறு, மருந்து வேலை செய்த இடம் வேறு. வேரை அந்த மக்கள் கையில் நிலைக்க வைத்ததில் உருவத்துக்குப் பங்கு இருக்கலாம்; அந்த நன்றி அதற்கு உண்டு. அதன் உண்மையான குணத்தைக் காட்டிக் கொடுத்தது மற்றொன்று. கட்டி வைத்தாலும் அடங்காமல் கத்திக்கொண்டிருந்தவர், வேர்ப்பொடி உள்ளே போகப் போகச் சாந்தமாகித் தூங்குவதைப் பார்ப்பதற்கு நுண்ணோக்கி வேண்டாம். கொடுத்ததும் தெரிகிறது, நிறுத்தினால் மாறுவதும் தெரிகிறது, அடுத்த நோயாளிக்கும் அப்படியே நடக்கிறது. விளைவு இப்படிக் கண்ணெதிரே, அண்மையில், திரும்பத் திரும்ப நடக்கும்போது நாட்டு வைத்தியரின் அனுபவம் நல்ல சாட்சி.

பாம்புக்கடியில் அந்தச் சாட்சி ஏமாந்து போகிறது. எப்படி என்பதை நம்மூர்ச் சோதனை ஒன்றிலேயே பார்க்கலாம். கடிபட்டவரிடம் விஷக்கடி வைத்தியர் சிறியாநங்கை இலையை மெல்லச் சொல்வார். கசந்தால் விஷம் இல்லை, இனித்தால் விஷம் ஏறியிருக்கிறது. சிறியாநங்கையின் கசப்பு சாதாரணக் கசப்பா! மென்றவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கசக்கிறது என்பார். கூடியிருப்பவர்கள் மூச்சு விடுவார்கள். வேரை அரைத்துக் கொடுத்து, வேப்பிலையால் மந்திரித்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அவரும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இந்தியாவில் உள்ள ஏறத்தாழ 300 வகைப் பாம்புகளில் நச்சுள்ளவை 60 அளவில்தான். நச்சுப் பாம்பும் கடிக்கும்போதெல்லாம் நஞ்சை இறக்குவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் ஆண்டுக்கு 54 லட்சம் பேர் பாம்புக்கடி படுகிறார்கள்; அவர்களில் உடலில் நஞ்சு ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்கு. ஆக, கடிபட்டவர்களில் பாதிக்குக் குறையாதவர்களுக்குத் தண்ணீரைக் கொடுத்தாலும் குணமாகும். இப்படியிருக்க, எந்த வேரைக் கையில் எடுத்தாலும் வைத்தியர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்குவார். செத்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால், நேரம் கடந்து கொண்டுவந்தார்கள் என்றோ பத்தியம் தவறியது என்றோ சொல்ல வழி இருக்கிறது. அந்தக் கணக்கில் மருந்து தோற்கவே முடியாது.

கட்டுவிரியனிடம் இந்தச் சோதனை ஆளைக் கொல்லும். இரவில், தரையில் படுத்திருப்பவரை அது கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் சிறியாநங்கை கசக்கத்தான் செய்யும். அந்த நஞ்சு நாக்கின் சுவையை அல்ல, நரம்பு தசைக்குக் கட்டளை சொல்லும் முனையைத் தாக்குகிறது. சில மணி நேரம் கழித்து வயிறு வலிக்கும், இமை தானாகச் சரியும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசை நிற்கும். கசந்தது என்று கேட்டு நிம்மதியாகப் படுத்த நேரம்தான் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய நேரம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஈச்சுரமூலியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியை வட அமெரிக்கப் பழங்குடியினரும் பாம்புக்கடிக்குப் பயன்படுத்தினார்கள். நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாத மக்கள் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அதில் உண்மை இருக்கத்தானே வேண்டும்? போதாததற்கு, 1980களில் இந்திய ஆய்வாளர்களே இந்த இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம், கண்ணாடிவிரியன் நஞ்சில் உள்ள ஒரு நொதியைச் சோதனைக் குழாயில் தடுப்பதைக் காட்டினார்கள். முதல் பாதிக்கு விடை, இரண்டு கண்டத்து மனிதர்களுக்கும் கண் ஒன்றுதான். முறுக்கிச் சுற்றும் கொடியும் நெளிந்த வேரும் இரு இடத்திலும் பாம்பைத்தான் நினைவூட்டும். நஞ்சேறாத கடிகளும் இரு இடத்திலும் வைத்தியருக்கு வெற்றி தேடித் தரும். ஒரே மாதிரித் தவறு செய்ய இருவருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு இருந்தது. இரண்டாம் பாதிக்கு விடை, குழாயில் நஞ்சும் மருந்தும் சரி அளவில் நேருக்கு நேர் கலக்கின்றன. உடலில் நஞ்சு முந்திக்கொள்கிறது. குடித்த வேர்ச்சாறு குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, தேவையான அளவில் இரத்தத்துக்குள் வந்து சேர வேண்டும். நஞ்சும் ஒரே பொருள் அல்ல. பல பொருள்களின் கலவையில் ஒன்றைத் தடுத்தால் மற்றவை சும்மா இருப்பதில்லை.

ஈச்சுரமூலியின் கதை பயனில்லாத மருந்து என்பதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் அடுத்தடுத்துச் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். மாத்திரையில் சேர வேண்டிய மூலிகைக்குப் பதிலாக ஈச்சுரமூலி இனத்துச் செடி ஒன்று சேர்ந்திருந்தது தெரியவந்தது. அவர்களில், புற்றுநோய் வராமல் தடுப்பதற்காகச் சிறுநீரகங்களை எடுத்துவிட்ட 39 பேரை ஆராய்ந்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் ஏற்கெனவே வந்திருந்தது. 2000-இல் இது வெளியானது. பால்கன் நாடுகளில் தன்யூப் ஆற்றின் கிளைநதிக் கரைகளில், சில கிராமங்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக வாட்டிய சிறுநீரக நோய்க்கும் காரணம் இதே இனம்தான். கோதுமை வயலில் களையாக வளர்ந்து, அதன் விதை மாவோடு அரைபட்டு ரொட்டியில் சேர்ந்திருந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் மரபணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. பல ஆண்டு கழித்தும் அந்தத் தடயத்தை நோயாளியின் திசுவில் காண முடிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த இனத்துச் செடிகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று ஐயத்துக்கு இடமில்லாத முதல் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆயிரம் ஆண்டு அனுபவம் பொய்யாகுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. பொய்யாகவில்லை, அந்த அனுபவத்துக்கு எட்டும் தூரம் அவ்வளவுதான். ஆடுதீண்டாப்பாளையை ஆடு கடிக்காது என்று மேய்ப்பவர்கள் கண்டது உண்மை, ஏனென்றால் அது தினம் கண்ணெதிரே நடப்பது. இன்று கஷாயம் குடித்தவருக்குப் பத்து இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்டால், அதையும் இதையும் முடிச்சுப் போட எந்தக் கிராமத்து வைத்தியரால் முடியும்? பெயர் எழுதி, அளவு எழுதி, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, குடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒழிய அது தெரியாது. முறைப்படி சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்று சித்த மருத்துவ அன்பர்கள் சொல்லக்கூடும். சில நச்சு மூலிகைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பால்கனில் அந்த விதை மாவாகி, பிசைந்து, அடுப்பில் சுட்ட பிறகும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. சுத்திக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அளந்து சொல்ல வேண்டியது. நூலில் எழுதியிருப்பதே அளவாகிவிடாது.

ஆங்கில மருந்து மட்டும் யோக்கியமா என்ற கேள்வியும் நியாயமானதே. ரெசர்ப்பின் சாப்பிட்ட சிலர் கடுமையான மனச்சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள்; நல்ல மாற்று மருந்துகள் வந்ததும் அது மெல்ல ஒதுங்கியது. கெடுதல் அதிலும் இருந்தது. இருந்தது என்பது வெளியே தெரியும்படி ஏட்டில் ஏறியது. மருந்து பிறந்த ஊரோ சாதியோ இங்கே பிரச்சினை இல்லை. பழங்குடி அறிவை இகழ்வதாக இதை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வடநெம்மேலியைக் காட்டலாம். மூலிகை அறிவுக்குப் பேர்போன இருளர்கள் 1978-இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்துத் தருகிறார்கள். அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் விஷமுறிவு ஊசி தயாராகிறது. பாம்பின் போக்கையும் வளையையும் அறிந்த அவர்களுடைய அறிவு, ஒவ்வொரு நாளும் நிஜப் பாம்பிடம் சோதிக்கப்பட்ட அறிவு. அதனால்தான் அது உயிர் காக்கும் மருந்தின் முதல் படியாக நிற்கிறது.

மந்திரிப்பது நோயாளிக்குத் தைரியம் தருகிறதே, அதையும் விட வேண்டுமா? வேண்டாம். பதற்றம் இல்லாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் மருத்துவரும் சொல்கிறார். ஆம்புலன்சுக்குள் உட்கார்ந்து தாராளமாக மந்திரிக்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு மந்திரிக்கும்போதும், இறுக்கிக் கயிறு கட்டிக் கீறிவிடும்போதும், வேர்ச்சாறு உள்ளே போகும்போதும்தான் ஆபத்து தொடங்குகிறது.

ஆகவே ஒரு மூலிகையின் பேரைக் கேட்டதும், நம்புவதா கூடாதா என்று கட்சி பிரிவதை விட்டு மூன்று கேள்வி கேட்கலாம். இந்த நோய் சும்மா விட்டாலும் தானே தீரக்கூடியதா? மருந்தின் பலன் விரைவாக, திரும்பத் திரும்பக் கண்ணில் படக்கூடியதா? அதன் கெடுதல் உடனே தெரியுமா, பல வருடம் ஒளிந்திருக்குமா? மலம் இளக்கும் கடுக்காயும் தூக்கம் தந்த சர்ப்பகந்தாவும் இந்தக் கேள்விகளுக்கு நேராக விடை சொல்கின்றன. அங்கே பாட்டி சொன்னதைப் பாதிக்கு மேல் நம்பலாம். பாம்புக்கடி வேர் முதல் கேள்வியிலேயே விழுகிறது, ஈச்சுரமூலி மூன்றாவதிலும் விழுகிறது. அடுத்த வாரம் இதே கேள்விகளைக் கீழாநெல்லியிடம் வைப்போம். மஞ்சள் காமாலைக்கு அதைக் கொடுக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அதை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. அந்தப் புகழ் ஏன் நிலைக்கவில்லை என்பது, முதல் கேள்வியை மறந்தால் படித்தவர்களும் எங்கே போய் நிற்பார்கள் என்பதைக் காட்டும்.