பாலை நிலம் சொன்ன சாட்சி



துப்பறியும் நாவல் என்றதும் லண்டன் மூடுபனியும் பூட்டிய அறையும் நம் நினைவுக்கு வரும். அந்தச் சூழலை விட்டு, செம்மணலும் முட்புதரும் நிறைந்த அவுஸ்திரேலிய உட்பிரதேசத்தில் மர்மக்கதையை வேரூன்றச் செய்தவர் ஆர்தர் அப்ஃபீல்ட் (1890–1964). 1929இல் 'பராக்கீ மர்மம்' நாவலுடன் தொடங்கிய அவரது தொடர் 29 நாவல்களாக நீண்டது. கடைசி நாவல் பிறரால் நிறைவு செய்யப்பெற்று 1966இல் வெளிவந்தது. கதாநாயகன் பொலிஸ் துப்பறிவாளர் நெப்போலியன் போனபார்ட், சுருக்கமாக 'போனி'. தாய் ஆதிக்குடிப் பெண், தந்தை வெள்ளையர்.

இங்கிலாந்தில் பிறந்த அப்ஃபீல்ட் 1911இல் அவுஸ்திரேலியா சென்றவர். மேற்கு அவுஸ்திரேலியாவின் முயல் தடுப்பு வேலியில் ஒட்டக வண்டியுடன் காவல் பணி செய்தவர். அதனால் அவருடைய நிலவர்ணனை வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. 'ஏரியின் மரணம்' (1954) நாவலில் கோடை வெயிலில் ஓர் ஏரி நாளுக்கு நாள் வற்றுகிறது. லொத்தரில் பெரும்பணம் வென்ற ஒருவன் முன்பு அந்த ஏரியில்தான் மறைந்தான். நீர் வற்றினால் அடியில் என்ன தெரியும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். கதையை நகர்த்துவது வெயிலே. போனியின் ஆயுதம் துப்பாக்கியன்று, பொறுமை. காற்று அழித்த தடத்தையும் எறும்பு இழுத்துச் சென்ற பொருளையும் அவன் வாசிக்கிறான்.

கற்பனை நிஜமான விபரீதமும் உண்டு. தடயமின்றி ஓர் உடலை அழிப்பது எப்படி என்று தம் நாவலுக்காக அப்ஃபீல்ட் 1929இல் நண்பர்களுடன் விவாதித்தார். அதைக் கேட்டிருந்தவர்களில் ஸ்னோவி ரோல்ஸ் என்ற தொழிலாளியும் ஒருவன். பின்னர் அப்பகுதியில் மூவர் காணாமற் போயினர். மூன்றாமவரான லூயி கரனின் எச்சங்கள் சாம்பலில் கிடைத்தன. நியூசிலாந்தில் வேறு தரத் தங்கத்தால் ஒட்டப்பட்டிருந்த அவருடைய திருமண மோதிரமே கொலையாளியைக் காட்டிக் கொடுத்தது. வழக்கில் அப்ஃபீல்டும் சாட்சியமளித்தார். 1932இல் ரோல்ஸ் தூக்கிலிடப்பட்டான். விவாதத்திலிருந்து பிறந்த 'விண்டியின் மணல்' நாவல் 1931இலேயே வெளிவந்திருந்தது.

தொடரின் குறையையும் சொல்ல வேண்டும். தடமறியும் திறன் தாய்வழி, தர்க்க அறிவு தந்தைவழி என்று போனியைப் பங்கிடும் பார்வை இன்று உறுத்துகிறது. 1972–73 தொலைக்காட்சித் தொடரில் போனியாக நடித்தவரும் நியூசிலாந்து வெள்ளையரான ஜேம்ஸ் லோரன்சனே. மண்ணின் மொழியை அறிந்தவர்கள் ஆதிக்குடிகள். கதை சொல்லும் பேனாவோ பிறர் கையில் இருந்தது.

ஆயினும் இத்தொடர் ஒரு வழியைத் திறந்தது. அமெரிக்காவின் நவஹோ நிலத்தில் 1970 முதல் மர்ம நாவல்கள் படைத்த ரொனி ஹில்லர்மன், அப்ஃபீல்டுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். குற்றவாளி யார் என்று தெரிந்ததும் பெரும்பாலான மர்மக்கதைகளை மூடிவைத்து விடுகிறோம். அப்ஃபீல்டை மீண்டும் படிக்க வைப்பது, அந்த விடைக்குப் பிறகும் மனதில் எஞ்சி நிற்கும் நிலம்தான்.