முழங்கால் என்றால் ‘காலின் தலை’

1975இல் அமெரிக்காவில் ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்றொரு விளையாட்டு வெளியானது. ஆடுபவர்களே கதைமாந்தர்களாக மாறும் ஆட்டம் அது. அதன் கற்பனை உலகத்துக்காக மொழியியலாளர் எம்.ஏ.ஆர். பார்க்கர் ட்ஸோல்யானி என்ற மொழியை உருவாக்கினார். உருது, பஷ்தோ, மாயா, நவாட்ல் எனப் பல மொழிகளின் சாயல் அதில் உண்டு. நவாட்லின் சாயலைக் காட்டுவது ‘ட்ல்’ என்ற ஒலி.

நவாட்ல், மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் மொழி. 2020 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 16 லட்சத்துக்கு மேற்பட்டோர் இன்றும் அதைப் பேசுகிறார்கள். நாக்கு நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் அழுத்தி, காற்றை நாக்கின் இரு பக்கமும் உரசியபடி வெளியேற விட்டால் ‘ட்ல்’ பிறக்கும். எழுத்தில் இரண்டாகத் தெரிந்தாலும் ஒலி ஒன்றே. பெயர்ச்சொற்களின் இறுதியில் ஒட்டும் விகுதியும் இதுதான்: தக்காளி ‘டொமாட்ல்’, ஓநாய் இன விலங்கொன்று ‘கொயோட்ல்’. லகரத்தில் முடியும் சொல்லில் இவ்விகுதி ‘லி’ ஆகிவிடும். மிளகாய் ‘சில்லி’ ஆனது அப்படித்தான். நம் ஊர் ஓட்டல் பலகையில் ‘சில்லி சிக்கன்’ என்று இருப்பதும் அதே சொல். ‘என் மிளகாய்’ என்றால் விகுதி உதிர்ந்து ‘நோசில்’ ஆகும்.

ஆனால் பெயர்களில் ‘ட்ல்’ தூவிவிட்டால் மட்டும் ஒரு மொழி மெக்சிகோ மண்ணின் மொழி ஆகிவிடாது. அந்த மண்ணின் அடையாளம் இலக்கணத்தில்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மெக்சிகோவின் நடுப்பகுதியிலிருந்து குவாத்தமாலாவைத் தாண்டி நீளும் நிலத்தை மீசோஅமெரிக்கா என்பார்கள். அங்கே மாயா, நவாட்ல், சாப்போட்டெக் போன்றவை வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்ததில் ஒன்றின் பழக்கம் மற்றொன்றுக்குத் தொற்றியது. 1986இல் லைல் கேம்பெல், டெரன்ஸ் காஃப்மன், தாமஸ் ஸ்மித்-ஸ்டார்க் மூவரும் இப்பொதுக்கூறுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அங்கே அப்படி வராது. ‘மனிதனின் நாய்’ என்பதைக் குவாத்தமாலாவின் கிச்சே மொழியில் ‘அவன்-நாய் அந்த மனிதன்’ என்று அடுக்குவார்கள். வேற்றுமை உருபு வேண்டிய இடத்தில் உடலுறுப்புகள் வந்து நிற்கும்: ‘வீட்டுக்குள்’ என்பது கிச்சேயில் ‘வீட்டின் வயிற்றில்’. எண்ணுவது இருபது இருபதாக. நவாட்லில் 20, 400, 8000 ஒவ்வொன்றுக்கும் தனி அலகு. 37 என்றால் ஓர் இருபது, ஒரு பதினைந்து, ஓர் இரண்டு.

இவற்றையெல்லாம்விட அழகானது சொல்லாக்கம். குடும்பம் வேறாக இருந்தாலும் உருவகம் ஒன்றே. முழங்கால் ‘காலின் தலை’, மணிக்கட்டு ‘கையின் கழுத்து’, கதவு ‘வீட்டின் வாய்’. முட்டைக்கு நவாட்லில் ‘பறவைக் கல்’, தங்கத்துக்கோ ‘தெய்வக் கழிவு’. ஒலியைக் கேட்டு எழுதிக்கொள்பவர் இவற்றைத் தவறவிடுவார். உலகைப் பார்க்கும் பார்வையைக் கடன் வாங்குபவருக்குத்தான் இவை கிடைக்கும்.

புதிதாக மொழி செய்யாமல், வாழும் மொழியிடமே போவதும் உண்டு. 2022இல் வந்த ‘பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபாரெவர்’ படத்தில் கடலடி நாட்டின் பெயரான தலோக்கான் அஸ்டெக் தொன்மத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் பேசுவதோ யுகடெக் மாயா. மெக்சிகோவில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழி அது.