குப்பையும் சட்டமும்

"வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டினால் சட்டம் என்ன செய்துவிடும்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குடும்பங்களுக்கே நேரடிக் கடமை விதித்தன. குப்பையை மட்கும், மட்காத, தீங்கு தரும் வகைகளாகப் பிரித்துத் தர வேண்டும், தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ எறியக் கூடாது, எரிக்கவும் கூடாது. மீறுவோர்க்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்க உள்ளாட்சிகள் வகை செய்ய வேண்டும் என்றும் அவை கூறின.

குற்றவியல் சட்டமும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பொதுத் தொல்லைக்கு உச்ச அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவு அதனை 1,000 ரூபாயாக்கியது. பொதுமக்கள் பயன்படுத்தும் குளத்து நீரை வேண்டுமென்றே கெடுப்பவருக்கோ, 279-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காரைக்கால் அம்மையார் குளமும் அரசலாறும் நம் ஊரின் செல்வங்கள். அங்குச் சேரும் குப்பை நம் வீட்டு வாசலிலிருந்தே புறப்படுகிறது. அபராதச் சீட்டு வரும்வரை காத்திராமல், வாசலிலேயே அதைத் தடுப்போம்!