சாளரத்தைத் தட்டிய கை

பேய்க் கதை என்றாற் போதும். நம்முட் பலர் விளக்கைச் சற்றுத் தூண்டிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். காதற் கதை என்றாலோ சொல்லவே வேண்டியதில்லை. பேயும் காதலும் ஒன்றாகக் கலந்து வரும் நாவல்கள் ஆங்கிலத்தில் எண்ணற்றவை உள. அவற்றுட் பெரும்பாலானவை ஓரிரவு நம்மை அச்சுறுத்திவிட்டு, மறுநாட் பொழுது விடியுமுன் நம் நினைவினின்றும் அகன்றுவிடுகின்றன. ஆனால், ஒன்று மட்டும் அகல்வதில்லை. எத்தனை முறை படித்தாலும் புதிதாய் ஒரு கதவைத் திறந்து காட்டும் அந்நாவலின் பெயர் ‘வதறிங் ஹைற்ஸ்’. எழுதியவர் எமிலி புறொன்ரி.

நாவல் படிப்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவோரும், பேய்க் கதை படிப்பது வீண்பொழுது என்று கடிந்துகொள்வோரும் நம்மிடையே உளர். அவ்விரு சாராருக்கும் இந்நூலின் பெருமையை எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கோட்டையிலிருந்து பண்ணை வீட்டுக்கு

ஆங்கில இலக்கியத்திற் ‘கொதிக்’ என்று வழங்கும் நாவல் வகை 1764ஆம் ஆண்டு ஹொறஸ் வல்போல் எழுதிய ‘ஒற்றான்ரோ கோட்டை’யுடன் தொடங்கிற்று. 1794இல் ஆன் றட்கிளிவ் அம்மையார் எழுதிய ‘உடோல்போவின் மர்மங்கள்’ அதனை உச்சிக்குக் கொண்டு சென்றது. பாழடைந்த கோட்டை, சுவருக்குப் பின்னே மறைவழி, சிறைப்பட்ட கன்னி, கொடிய பிரபு, நள்ளிரவில் அணைந்து போகும் மெழுகுதிரி ஆகிய இவையே அவ்வகையின் உறுப்புக்கள். கதை நிகழும் இடமும் பெரும்பாலும் இத்தாலி போன்ற தூரதேசமாகவே இருக்கும். இந்த மோகத்தை ஜேன் ஒஸ்ரின் தமது ‘நோர்தாங்கர் அபி’ என்ற நாவலில் மென்மையாக எள்ளி நகையாடினார்.

எமிலி செய்த புதுமை யாதெனின், அந்தக் கோட்டையை இடித்து, அதன் அச்சத்தை ஒரு பண்ணை வீட்டுக்குள் குடியேற்றியமையே. இங்கே இத்தாலியப் பிரபுக்கள் இல்லை. ஆடு மேய்ப்போரும், அடுக்களையிற் கஞ்சி கிண்டும் பணிப்பெண்ணும், வேதநூலைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் வைது தீர்க்கும் கிழ வேலையாளும் இருக்கின்றனர். வீட்டைச் சுற்றிலும் யோர்க்ஷயர் மாகாணத்தின் மரமற்ற மேட்டு நிலம். ‘வதறிங்’ என்பது சூறைக்காற்று மோதி முழங்கும் நிலையைக் குறிக்கும் அந்நாட்டுப்புறச் சொல்.

கல்லறையை நோக்கிய மனை

எமிலி 1818ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி பிறந்தவர். தந்தையார் பற்றிக் புறொன்ரி அயர்லாந்திற் பிறந்த பாதிரியார். 1820இல் அக்குடும்பம் ஹவேர்த் என்னும் மலைக்கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்கள் வாழ்ந்த மனைக்கு எதிரே பரந்து கிடந்தது கல்லறைத் தோட்டம். அடுத்த ஆண்டே தாயார் இறந்தார். 1825இல் மூத்த சகோதரியர் இருவர் மாண்டனர். 1850இல் அக்கிராமத்தின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரசாங்க அறிக்கை, அங்கு இறந்தோரின் சராசரி வயது இருபத்தாறைக்கூட எட்டவில்லை என்று கூறிற்று. இறந்தோர் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை, கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றனர் என்ற உணர்ச்சி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பனையன்று, அன்றாட அனுபவம்.

எஞ்சிய நான்கு பிள்ளைகளும் மரப்படைவீரரை வைத்து விளையாடி, கற்பனை நாடுகளைப் படைத்து, அவற்றின் வரலாறுகளைச் சின்னஞ்சிறு எழுத்தில் எழுதி வளர்ந்தனர். 1846இற் சார்லொற், எமிலி, ஆன் என்னும் மூவரும் ஆண்பெயர் போல ஒலிக்கும் புனைபெயர்களிற் கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். ஓராண்டுக்குப் பின்பும் விற்பனையான பிரதிகள் இரண்டே இரண்டு! அவர்கள் தளரவில்லை. 1847 டிசெம்பரில் ‘எல்லிஸ் பெல்’ என்ற பெயருடன் ‘வதறிங் ஹைற்ஸ்’ வெளிவந்தது. அதன் ஆற்றலை வியந்த விமர்சகர்களே அதன் கடுமையைக் கண்டு முகஞ் சுளித்தனர். மறு ஆண்டு டிசெம்பர் 19ஆம் திகதி, முப்பது வயதில், சயரோகத்தால் எமிலி காலமானார். அவருடைய எழுதுபெட்டிக்குள் நூலைப் பற்றிய ஐந்து மதிப்புரைகள் வெட்டி வைக்கப்பட்டிருந்தன. உண்மைப் பெயரை உலகம் அறிந்தது 1850இற் சார்லொற் வெளியிட்ட பதிப்பினாலேயே.

அந்தப் பனியிரவு

கதை 1801இல் தொடங்குகின்றது. லொக்வூட் என்ற பட்டணத்து மனிதர் பனிப்புயலில் வழி தடைப்பட்டு, தமது வீட்டுச் சொந்தக்காரரான ஹீத்கிளிவ் என்பவரின் பண்ணை வீட்டில் இரவு தங்குகின்றார். படுத்த அறையின் சாளரப் பலகையிற் ‘கதறீன்’ என்ற பெயர் பலமுறை கீறப்பட்டிருக்கின்றது. பழைய புத்தகங்களின் ஓரங்களில் அச்சிறுமி எழுதிய நாட்குறிப்பை வாசித்தவாறே அவர் கண்ணயர்கின்றார். மரக்கிளை ஒன்று கண்ணாடியிற் தட்டுகின்றது. அதனை ஒடித்தெறியக் கையை நீட்டினால், அகப்படுவது கிளையன்று. பனிக்கட்டி போற் குளிர்ந்த ஒரு சிறு கை! இருபது ஆண்டுகளாக வழிதவறி அலைவதாகவும் தன்னை உள்ளே விடுமாறும் ஒரு குழந்தைக் குரல் இறைஞ்சுகின்றது.

அச்சத்தில் மதியிழந்த லொக்வூட், அக்கையை உடைந்த கண்ணாடியின் மீது குருதி பெருகத் தேய்க்கின்றார். நேயர்களே, இந்த இடத்தைச் சற்று நின்று கவனியுங்கள். பேய் மனிதனைத் துன்புறுத்தவில்லை. மனிதனே பேயைத் துன்புறுத்துகின்றான். நாகரிகம் படித்த, நயமாகப் பேசும் ஒருவருக்குள்ளே இத்தனை கொடுமை உறங்கிற்று என்பதே அவ்விரவின் உண்மையான திகில். கூச்சல் கேட்டு ஓடிவந்த ஹீத்கிளிவ், விருந்தினரை வெளியேற்றிவிட்டுச் சாளரத்தைத் திறந்து, இறந்தவளைப் பெயர் சொல்லி அழைத்துத் தேம்பி அழுகின்றான். கல்நெஞ்சன் என்று நாம் கண்ட மனிதன் அழுகின்றான்! ஏன் என்று அறியாமற் புத்தகத்தை மூடிவைக்க யாரால் இயலும்?

பழியின் கணக்கு

மறுநாள் முதல் நெல்லி டீன் என்னும் பணிப்பெண் லொக்வூட்டுக்குப் பழங்கதையைச் சொல்கின்றாள். லிவர்ப்பூல் நகரத்துத் தெருவில் அநாதையாய்க் கிடந்த கருநிறச் சிறுவனை ஏர்ன்ஷோ என்ற பண்ணைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீத்கிளிவ் என்று பெயரிடுகின்றார். மகள் கதறீனும் அவனும் ஈருடலும் ஓருயிருமாக மேட்டு நிலமெங்கும் அலைந்து வளர்கின்றனர். தந்தை இறந்ததும் மகன் ஹிண்டிலி அச்சிறுவனின் படிப்பை நிறுத்தி, வயல் வேலைக்காரனாக்கித் தாழ்த்துகின்றான். கதறீனோ செல்வந்தனான எட்கார் லின்ரனை மணக்க இசைகின்றாள். ஹீத்கிளிவை மணப்பது தனக்கு இழிவு என்று அவள் நெல்லியிடம் சொன்னது அவன் செவியில் விழுகின்றது, அவன் போய்விடுகின்றான். தானும் அவனும் வேறல்லர் என்று அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்க அவன் அங்கில்லை. பாதி கேட்ட பேச்சு இரண்டு குடும்பங்களைச் சீரழித்துவிடுகின்றது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் பணக்காரனாகத் திரும்பும் ஹீத்கிளிவ் பழி தீர்க்கத் தொடங்குகின்றான். நாவலின் அத்தியாயங்கள் 34. கதறீன் இறப்பது 16ஆம் அத்தியாயத்திலே. கதாநாயகியைப் பாதி வழியிற் புதைத்துவிட்ட பின்னும் அவளே நூல் முழுவதையும் ஆள்கின்றாள். அடக்கஞ் செய்த அன்றிரவே ஹீத்கிளிவ் கல்லறையைத் தோண்ட முனைகின்றான். பதினெட்டு ஆண்டுகள் அவள் ஆவியைத் தேடி ஏங்குகின்றான். அது அருகில் இருப்பதாக உணர்கின்றான். கண்ணுக்கு மட்டும் அது அகப்படவில்லை.

எழுத்தறியாதவனின் பெயர்

பழியின் கொடுமை முற்றும் ஹிண்டிலியின் மகனான ஹேற்றன் மீது விழுகின்றது. ஹீத்கிளிவ் அவனை அடித்து வதைக்கவில்லை, எழுத்தறிவின்றி வளர்க்கின்றான். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை அப்படியே அடுத்த தலைமுறைக்குத் திருப்பிக் கொடுக்கின்றான். அந்த வீட்டு வாசற்கதவின் மேலே ‘ஹேற்றன் ஏர்ன்ஷோ’ என்ற முன்னோன் பெயரும், 1500 என்ற ஆண்டும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கு உரியவனோ அதன் கீழே நின்று, தன் பெயரையே வாசிக்க இயலாது விழிக்கின்றான். பாழடைந்த கோட்டைகளிற் காணாத பயங்கரத்தை நான் இந்தக் காட்சியிற் கண்டேன்.

கதறீனின் மகள் கதி அவனைப் பார்த்து நகைக்கின்றாள். ஒருநாள் அவன் பெருமிதத்தோடு தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுகின்றான். எண்களை வாசி பார்ப்போம் என்கின்றாள், அவனால் முடியவில்லை, மீண்டும் நகைப்பு. பின்னர் அவன் இரகசியமாகச் சேர்த்து வைத்த சில புத்தகங்களையும் அவள் ஏளனஞ் செய்ய, அவன் அவற்றைத் தீயில் வீசிவிடுகின்றான். கல்லாதவனை எள்ளுவது எத்துணைக் கொடியது என்பதற்கு இதனினும் சிறந்த காட்சியை யான் படித்ததில்லை.

ஆயினும் கதி மனம் திருந்துகின்றாள். அழகிய புத்தகம் ஒன்றை வெள்ளைத் தாளிற் சுற்றி, நாடாவாற் கட்டி, மேலே அவன் பெயரை மரியாதையுடன் எழுதி, நெல்லி கையிற் கொடுத்தனுப்புகின்றாள். ஏற்றுக்கொண்டால் வாசிக்கக் கற்பிப்பேன் என்பதே அவள் சொல்லியனுப்பிய செய்தி. இம்முறை அவன் அதனை எறியவில்லை.

இரு சோடிக் கண்கள்

இனி வருவதுதான் என்னை முற்றாக ஆட்கொண்ட இடம். ஒரு மாலை, ஹீத்கிளிவ் உள்ளே நுழைகின்றான். அடுப்பொளியில் ஒரே புத்தகத்தின் மீது குனிந்திருந்த இருவரும் ஒரே கணத்தில் தலைநிமிர்கின்றனர். இரு சோடிக் கண்களும் இறந்துபோன கதறீனின் கண்கள்! ஒருத்தி அவள் மகள். மற்றவன் அவள் தமையன் மகன். பதினெட்டு ஆண்டுகள் சாளரத்துக்கு வெளியே இருளில் தேடிய முகம், தன் வீட்டு அடுப்பங்கரையிலே, புத்தகத்துக்கு மேலே உயிரோடு அவனை நோக்குகின்றது. எவ்விரு பிள்ளைகளை அழிக்க அவன் வாழ்நாளைச் செலவிட்டானோ, அவ்விருவரிடமே அவன் நேசித்தவள் குடியிருக்கின்றாள். ஓங்கிய கை அத்துடன் தாழ்கின்றது. பழி தீர்க்கும் ஆசை அவனை விட்டகல்கின்றது. சில நாட்களில், திறந்த சாளரத்தின் வழியே மழை முகத்திற் படிய, அவன் இறந்து கிடக்கின்றான்.

அப்படியாயின், பேய் உண்டா, இல்லையா? எமிலி தீர்ப்புக் கூறவில்லை. மேட்டு நிலத்தில் ஹீத்கிளிவையும் ஒரு பெண்ணையும் கண்டதாக ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அழுகின்றான். அவன் ஆடுகளும் அடியெடுத்து வைக்க மறுக்கின்றன. அமைதியான கல்லறைகளைக் கண்ட லொக்வூட்டோ, அங்கே துயில்வோர்க்கு அமைதியின்மை ஏது என்று எண்ணிச் செல்கின்றார். எதை நம்புவது என்பது நம் பொறுப்பு. இக்கதையைக் கட்டற்ற கனவு என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்லலாம்: 1926இற் சாங்கர் என்ற அறிஞர் நூலை ஆராய்ந்து, அதன் கால ஒழுங்கும் அக்காலச் சொத்துரிமைச் சட்டமும் எத்துணை நுணுக்கமாகப் பேணப்பட்டுள்ளன என்று எடுத்துக்காட்டினார்.

திரையில் விடுபட்டது

1939இல் வில்லியம் வைலர் இயக்கிய ஹொலிவூட் படம் புகழ் பெற்றது. கருநிற ஹீத்கிளிவாக நடித்தவர் ஆங்கிலேயரான லோறன்ஸ் ஒலிவியே. வெண்ணிறக் கதறீனாக நடித்த மேர்ள் ஒபறோனோ பம்பாயிற் பிறந்தவர். அவர் குடும்பத்தின் வேர்களில் ஒன்று இலங்கையிலே இருந்தது. நிறவெறி மிகுந்த திரையுலகில் அவர் அதனை மறைத்தே வாழ நேர்ந்தது என்பதை எண்ணும்போது, நிறத்தாற் புறந்தள்ளப்பட்ட ஹீத்கிளிவின் கதை இன்னும் கனக்கின்றது. 1966இல் டிலிப் குமார் நடித்த ‘தில் தியா தர்த் லியா’ என்னும் ஹிந்திப் படமும் இந்நாவலைத் தழுவியதே.

வைலரின் படம் கதறீனின் மறைவுக்குப் பிந்திய தலைமுறையை முற்றாக விட்டுவிட்டது. புத்தகமும், கதவின் மேற் பொறித்த பெயரும், இரு சோடிக் கண்களும் அங்கில்லை. ஆகவே, படத்தைப் பார்த்துவிட்டு நூலை அறிந்ததாக எண்ணிவிட வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நூலில் ஒரே பெயருடைய இருவர் வருவதால், முதலிற் குழப்பம் ஏற்படும். ஒரு தாளில் இரு குடும்பங்களின் வமிசாவளியை எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். கிழ வேலையாளான ஜோசப்பின் கொச்சைப் பேச்சு விளங்காவிடிற் கலங்காது மேலே செல்லுங்கள். ஆங்கிலேயருக்கே அது கடினம். முதல் மூன்று அத்தியாயங்களைக் கடந்துவிட்டால், பின்னர் நூலே உங்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லும். பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளைகள் பேய்க் கதை படிக்கின்றார்களே என்று கவலற்க. வெறுப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கும் வீடே பேய் வீடு என்பதையும், அப்பேயை ஓட்ட இருவர் சேர்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்தாற் போதும் என்பதையும் இந்நாவலைப்போல் உள்ளத்திற் பதியச் சொல்லும் நூல்கள் மிகச் சிலவே.