உண்ணிச்செடியை வேகவைத்து ஒரு பூ ஸ்டாண்டு

விவசாயம் பேசுகிற பத்திரிகையில் வீட்டு அலங்காரத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இன்றைக்கு நீலகிரிக் காடுகளையும் நம் தேயிலை, காபித் தோட்டத்து ஓரங்களையும் மூடிக் கிடக்கிற உண்ணிச்செடி, யாரோ தோட்டத்தை அழகுபடுத்தக் கொண்டுவந்த செடிதான். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகள் அதன் பிறந்த ஊர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அதைக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்த பூ, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பழத்தைத் தின்ற பறவை விதையைப் பரப்பியது. 200 வருஷத்தில் எங்கு பார்த்தாலும் அதுதான். முதுமலைப் பக்கம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் இப்படி அழகுக்கும் நிழலுக்கும் வந்ததுதான். அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை இப்போது நடக்கிறது. அந்நிய களைச்செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022-இல் ஒரு தனிக் கொள்கை வகுக்க வேண்டி வந்தது.

உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. மான், காட்டெருமை, யானை எல்லாவற்றுக்கும் புல்தான் சோறு. இலையை மாடு தின்றால் கல்லீரல் கெடும், வெயில் பட்ட தோல் வெடித்துப் புண்ணாகும். காட்டுக்குள்ளே தீவனம் குறைந்தால் யானை எங்கே வரும் என்று ஓவேலிக்காரனிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

நான் முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு இங்கே கொஞ்சம் காபி, மிளகு, ஏலம் என்று ரசாயனம் இல்லாமல் செய்து வருகிறேன். எதையும் கணக்குப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை தோட்ட ஓரத்து உண்ணிச்செடியை வெட்ட ஆள் கூலி கொடுக்கிறோம். வெட்டியதைக் குவித்து எரிக்கிறோம். இன்னொரு பக்கம் வாசலில் நாலு பூந்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று கூடலூர் கடையில் போய் விலை கேட்கிறோம். வீட்டுக்காரம்மா கேட்டு வந்த மூன்று தட்டு இரும்பு ஸ்டாண்டின் விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். காசு கொடுத்து எரிப்பது ஒரு பத்தி, காசு கொடுத்து வாங்குவது இன்னொரு பத்தி. இரண்டையும் நேர் செய்தால் என்ன என்று தோன்றியது.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கர்நாடகத்து மாதேஸ்வரன் மலையில் 2004-இலேயே பெங்களூரு ஏட்ரீ நிறுவனம் சோளகர் மக்களோடு சேர்ந்து உண்ணிக் குச்சியில் நாற்காலி, மேசை, கூடை செய்யும் வேலையைத் தொடங்கியது. மூங்கிலும் பிரம்பும் அரிதாகிவிட்ட காலத்தில் அது நல்ல மாற்றாக அமைந்தது. நம் கூடலூர்ப் பக்கமோ அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்கள் ‘தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்’ என்ற அமைப்பின் கீழ், உண்ணிக் குச்சியால் நிஜ அளவிலேயே யானைகள் செய்தார்கள். ஏதோ கற்பனை யானை இல்லை. இந்த மலையில் நடமாடுகிற யானைகளின் சாயலிலேயே செய்தது. 2021 கோடையில் லண்டன் மாநகரப் பூங்காக்களில் அவை மந்தையாக நின்றன. 2024-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூபோர்ட், நியூயார்க், மயாமி, ஹூஸ்டன் என்று ஊர் ஊராகப் போயின. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது. யானையின் தீவனத்தை அழித்த செடியிலேயே யானை செய்து, அதை யானைக்காகவே விற்றிருக்கிறார்கள். இந்த யோசனைக்கு எந்த வங்கியிலும் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கலாம்.

அவர்கள் செய்யும் முறைதான் நமக்கும் பாடம். இரும்புச் சட்டத்தின் மேல், வேகவைத்துத் தோல் உரித்த குச்சியை வளைத்து அடிக்கிறார்கள். பூ ஸ்டாண்டுக்கு இரும்பு தேவையில்லை. கவாத்து செய்த காபிக் கட்டையே கால்களுக்குப் போதும், கல் மாதிரி இருக்கும்.

சுண்டுவிரல் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை உள்ள, நேராக வளர்ந்த குச்சிகளாக எடுங்கள். கை உறை கட்டாயம். முள் கொக்கி மாதிரி வளைந்தது, பிடித்தால் விடாது. சாக்குத் துணியால் மேலிருந்து கீழே இழுத்துத் துடைத்தால் பாதி முள் போய்விடும். பாதியாக வெட்டிய தகர டிரம்மில் தண்ணீர் கொதிக்கவிட்டு, குச்சிகளை இரண்டு மணி நேரம் வேகவையுங்கள். சூடு ஆறுவதற்குள் தோலை உரிக்க வேண்டும். ஆறிவிட்டால் கத்தி மல்லுக்கட்டும். சூட்டோடு இருக்கும்போது குச்சி நாம் சொன்னபடி வளையும். வளைத்த குச்சியைக் கயிற்றால் கட்டி ஒரு நாள் வைத்தால் அந்த வளைவிலேயே இறுகிவிடும். ஆணி அடிக்கும் முன் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நுனி பிளக்கும். காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. உண்ணிக் கட்டையைக் கரையான் அவ்வளவாகத் தொடாது. ஆனாலும் நம் ஊர் மழையில் கால் ஈர மண்ணில் நின்றால் எந்த மரமும் மக்கும். காலடியில் தட்டைக்கல் வையுங்கள். வேகவைத்த தண்ணீரை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொட்டாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "மேனேஜர் சார், இந்த முள்ளுச்செடிய எரிச்சுத்தான் பாத்திருக்கேன், சோறு மாதிரி வேகவச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். மறுநாள் அவரே இரண்டு கட்டு குச்சி வெட்டிக்கொண்டு வந்து, "எனக்கும் ஒண்ணு வேகட்டும் சார்" என்று டிரம் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று தட்டு ஸ்டாண்டுக்கு ஆணி, எண்ணெய், சணல் கயிறு எல்லாம் சேர்த்து 390 ரூபாய் ஆனது. என் இரண்டு நாள் உழைப்பைச் சேர்க்கவில்லை. விவசாயி தன் கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று ஒரு காலத்தில் கடன் மனுக்களில் குறிப்பு எழுதியவன் நான். இப்போது நானும் அந்த வரிசையில்.

வெட்டும்போது ஒன்று கவனியுங்கள். மேலாக வெட்டிவிட்டால் உண்ணி நாலு மடங்காகத் துளிர்க்கும். குச்சி எடுத்த பிறகு மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலம் தோண்டி ஆணிவேரை வெட்டி, தூரைப் பிடுங்கித் தலைகீழாகப் போட வேண்டும். அந்தக் கழுத்துப் பகுதியில்தான் மறுதுளிர் இருக்கிறது. பழம் கறுக்கும் முன்னே வெட்டுவது நல்லது. சொந்த நிலத்தில், தோட்ட ஓரத்தில் மட்டும் வெட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

சரி, ஸ்டாண்டு ஆயிற்று. தொட்டி? இந்தக் கலையில் எங்களுக்கெல்லாம் குரு லயத்து அம்மாக்கள்தான். 1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் நிறைய. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்தக் காம்பரா வாசலைப் பார்க்க வேண்டுமே! பால் மாவு டின், எண்ணெய் டின், பெயிண்ட் வாளி, ஓட்டைக் குண்டான் எல்லாவற்றிலும் டேலியா, ஜெரேனியம், காசித்தும்பை. வேலி அடைத்த மாதிரி வரிசை பிசகாது. ஊட்டி மலர்க் கண்காட்சியில் அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கில் பூந்தொட்டி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது 1896-இல் ஆரம்பித்த பெரிய மரபு, பெரிய செலவு. எனக்கென்னவோ லயத்து வாசல்தான் ஒரு படி மேல்.

பக்கத்து வீட்டு அக்காவும் அந்த வழி வந்தவர்தான். "ஏக்கா, இவ்வளவு இடம் கிடக்கே, மண்ணுலயே நடலாமே" என்று ஒரு நாள் கேட்டேன். "டின்னுன்னா தூக்கிட்டுப் போயிரலாம் சார். மண்ணுல நடணும்னா மண்ணு நம்மளதா இருக்கணும்ல" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. ஓவேலியில் பெரும்பகுதி நிலம் 1969-ஆம் வருஷத்து ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக் கிடக்கிறது. குடியிருப்பவர் கையில் பட்டா இல்லை. பட்டா இல்லை என்றால் வீட்டுக் கடன் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த ‘இல்லை’யை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! வீட்டை எடுத்துக் கட்டவும் வழியில்லாமல் தகரக் கூரையின் கீழ் இருப்பவர்கள், இருக்கிற வாசலை லட்சணமாக வைத்துக்கொள்கிறார்கள். பணக்கார வீட்டு அலங்காரத்தைப் படம் பிடித்து எழுத எத்தனையோ பத்திரிகைகள் உண்டு. நமக்கு இந்த டின் வாசல்தான் முக்கியம்.

டின்னுக்கு அடியில் ஆறேழு ஓட்டை, அதன் மேல் ஓட்டுச் சில்லு. உள்ளே சுண்ணாம்பு அடித்தால் துரு மெதுவாகப் பிடிக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு மக்கிய காபித்தொலி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே இழுத்து வைத்துவிடுங்கள், ஜெரேனியம் எங்கள் மழைக்குத் தாங்காது, அழுகிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டித் தொங்கவிடச் சொல்லி வீடியோக்களில் காட்டுகிறார்கள். நீலகிரியில் அந்தப் பாட்டிலுக்கே தடை. வெயிலில் அது நொறுங்கித் தூளாகி, நாம் பாடுபட்டுச் சேர்த்த மண்ணிலேயே விழும். அதற்குப் பதில் கமுகம்பாளை இருக்கிறது. ஊறவைத்து இரண்டு முனையையும் மடித்துக் குச்சி குத்தினால் தொட்டில் மாதிரி வரும். ஒரு பெரணியை நட்டுச் சுவரில் தொங்கவிடலாம். ஒரு பருவம் தாங்கும், பிறகு உரக்குழிக்கு. பெரணியும் உங்கள் கிணற்றுச் சுவரில், கல் கட்டில் முளைத்ததாக இருக்கட்டும். சோலையிலிருந்து ஆர்க்கிட், மரப்பெரணித் தண்டு, மரத்துப் பாசி இதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வருவது அலங்காரமே இல்லை, திருட்டு. ஒரு மரப்பெரணி ஆள் உயரம் வளர எத்தனையோ வருஷம் ஆகும்.

என் ஸ்டாண்டின் மேல் தட்டில் இருப்பது பூச்செடி இல்லை, புதர் மிளகு. கொடியின் பக்கவாட்டில் சரம் விடுகிற கிளை இருக்கிறதே, அதில் ஒரு வருஷம் முதிர்ந்ததாக, நாலு கணு உள்ளதாக வெட்டி, இளநீரில் நனைத்து, ஈரமான தென்னை நார்க்கழிவில் நட்டு நிழலில் வைக்க வேண்டும். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம். பத்துக்கு நாலைந்துதான் எனக்குப் பிழைத்தது. பிழைத்தது கொடியாக ஓடாமல் குத்துச்செடியாக நிற்கும். நட்ட வருஷமே சரம் விட ஆரம்பிக்கும். கரும்பச்சை இலை, பச்சைச் சரம், பழுத்தால் சிவப்பு. எந்த குரோட்டன்ஸுக்கும் குறைவில்லாத அழகு. ரசத்துக்கு மிளகு வாசலிலேயே கிடைக்கும்.

இனி யானை விஷயம். மலையோரம் இருப்பவர்கள் அலங்காரத்தை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசல், முற்றம், ரோடு மூன்றும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எங்கள் பகுதியில் இருட்டில் வெளியே இறங்கி யானையிடம் உயிரை விட்டவர்கள் உண்டு. கதவுக்கு எதிரே அடர்த்தியான கொடிப்பந்தல், ஆள் உயர செம்பருத்தி வேலி இதெல்லாம் சமவெளி வீட்டுக்குச் சரி. இங்கே ஸ்டாண்டு இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் சுவரை ஒட்டி, கதவுக்குப் பக்கவாட்டில். அழகுக்கென்று வாழையை ஜன்னலோரம் வைக்காதீர்கள். பலாப்பழத்தைத் திண்ணையில் பழுக்கப் போடாதீர்கள், அந்த வாசனை வெகுதூரம் போகும். வாசல் விளக்கின் வெளிச்சத்தைச் செடி மறைக்கிறதா என்று ராத்திரி ஒரு முறை ரோட்டில் நின்று பாருங்கள்.

அக்கா வீட்டு ஸ்டாண்டு போன வாரம் முடிந்தது. இரண்டு பேர் தூக்கினால் நகர்த்தக் கூடியதாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், தட்டுகளை ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். பதினெட்டு டின் ஏறியிருக்கிறது. இப்போது டிரம்மைக் கேட்டு எங்கள் வரிசையில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கிழக்கு ஓரத்தில் வெட்ட உண்ணி அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில் புல் தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறது.