பதினோரு மாத ஆசிரியர்

தமிழைச் செம்மொழி என்று 2004-இல் நடுவண் அரசு அறிவித்தது. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் சங்க இலக்கியம் நடத்துபவர்களில் பலர் இன்றும் கௌரவ விரிவுரையாளர்கள்தான். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம் மட்டுமே. பல்கலைக்கழக மானியக் குழுவோ மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019-லேயே சொல்லிவிட்டது. கூடுதல் ஊதியமும் நிரந்தரப் பணியும் நிதிச்சுமை என்பார்கள். யாராவது விடுப்பில் போனால் தற்காலிக ஆள் சரி. அதே பாடத்தை ஆண்டுக்கணக்கில் ஒருவரே நடத்தினால் அந்தத் தேவை நிரந்தரமானதுதானே? தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பெற்றவர்கள்தான் அவர்களில் பலரும்.

இதில் இழப்பு மாணவர்களுக்கும்தான். எடுத்துக்காட்டாக, கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவம், சிலவற்றில் மேலே வட்டெழுத்தில் மன்னனின் ஆட்சியாண்டு. தேய்ந்த அந்த எழுத்தை வாசிக்கவும், புறத்திணைப் பாடலோடு பொருத்திப் பார்க்கவும் ஒரு மாணவரைப் பழக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் அந்தப் பொறுப்பை எப்படிக் கொடுப்பது?